"அந்தப் படத்தை எடுத்துடு": அடைக்கலம் கேட்பவரின் பயத்தை எப்படி எடை போடுவது?

(பெருங்களத்தூரில் நம் தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசிய உரை. வர முடியாத தோழர்கள் எழுத்தில் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிச்சுட்டுப் பகிருங்க.)



என் முகம் உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. ஆனா என் வேலை தெரியும். நம்ம பக்கத்துல வர்ற கார்டுகள்ல பாதி நான் பண்றதுதான். இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஒரு கம்பெனியில சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். மேடைப் பேச்சு பழக்கமில்லை, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

2025 மே 19. இலங்கைத் தமிழர் ஒருத்தரோட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. உலகம் பூரா இருந்து வர்றவங்களைத் தங்க வைக்க இந்தியா ஒண்ணும் சத்திரம் இல்லைங்கிற அர்த்தத்துல நீதிபதி சொன்னது எல்லா சேனல்லயும் ஓடுச்சு. எனக்குக் கோபம். அரை மணி நேரத்துல கார்டு ரெடி. பின்னணிக்கு ஒரு படம் வேணுமேன்னு, பழைய மெழுகுவத்தி அஞ்சலிக் கூட்டத்துப் படம் ஒண்ணை எடுத்துப் போட்டேன். ஷேர் பறந்துச்சு.

ராத்திரி பதினோரு மணிக்கு காலேஜ் நண்பன் போன் பண்ணினான். "மச்சான், அந்தப் படத்தை எடுத்துடு. மூணாவது வரிசையில நிக்கிறது எங்கப்பா."

அவன் முகாம்ல பிறந்து வளர்ந்தவன். அப்பா 1990-ல படகுல வந்தவர். ஊர்ல அவரோட அக்கா உடம்பு முடியாம இருக்காங்க, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமான்னு அப்போ யோசிச்சிட்டிருந்தார். அந்த நேரத்துல அவர் முகம், ஒரு அரசியல் கட்சிப் பக்கத்துல, அந்தத் தலைப்புக்குக் கீழே. உடனே எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள எத்தனை போனுக்குப் போயிருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அவன் இன்னொண்ணும் கேட்டான். "அந்த வழக்கு என்னன்னு படிச்சியா?" தலைப்பு மட்டும் படிச்சேன்னு சொன்னேன். அவன் சிரிக்கலை.

அதுக்கப்புறம்தான் படிச்சேன். படிச்சதை உங்ககிட்ட சொல்றேன்.

அந்த மனுவுல என்ன இருந்துச்சு?

மனுதாரர் 2015-ல கைதானவர். விடுதலைப் புலிகளோட தொடர்புன்னு ஊபா சட்டத்துல 2018-ல பத்து வருஷத் தண்டனை. 2022-ல சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏழு வருஷமா குறைச்சுது. தண்டனை முடிஞ்சதும் நாட்டை விட்டுப் போயிடணும், அதுவரை முகாம்ல இருக்கணும்னும் சொல்லுச்சு. தண்டனை முடிஞ்சும் கிட்டத்தட்ட மூணு வருஷமா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2009 போர்ல சண்டை போட்டவன் நான், திருப்பி அனுப்பினா கைது, சித்திரவதைன்னு சொன்னார். மனைவி பிள்ளைகள் இங்கே இருக்காங்க.

நீதிமன்றம் என்ன சொல்லுச்சு? குடியமர்ற உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். சட்டப்படிதான் காவல்ல இருக்கார், அதனால 21-வது பிரிவு மீறப்படலை. உயிருக்கு ஆபத்துன்னா வேற நாட்டுக்குப் போகட்டும்.

தோழர்களே, அந்த வார்த்தை மேல நாம காட்டின கோபம் நியாயம்தான். ஆனா கோபத்துல ஒண்ணைத் தவற விட்டுட்டோம். அந்த மனுஷன் சொல்ற பயம் உண்மையா, பொய்யா? போனா உண்மையிலேயே பிடிப்பாங்களா, மாட்டாங்களா? இதை இந்த நாட்டுல எந்த அதிகாரியாவது உட்கார்ந்து விசாரிச்சு, காரணம் எழுதி, ஒரு முடிவு சொன்னாரா? அப்படி விசாரிக்கணும்னு சொல்ற சட்டமே நம்மகிட்ட இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில இந்தியா கையெழுத்து போடலை. 1967 நெறிமுறையிலும் போடலை. அகதிக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது.

பயத்தை எடை போடுறதுன்னா என்ன?

அந்த உடன்படிக்கை சொல்ற அகதி யாரு? இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தது, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஒண்ணுக்காகத் துன்புறுத்தப்படுவோம்னு ஆதாரமுள்ள அச்சம் இருக்கிறவர். பயம் அவர் மனசுக்குள்ள இருக்கு. ஆதாரம் வெளியில இருக்கணும். ரெண்டும் சேரணும்.

இதுல முக்கியமான விஷயம், கேள்வி நாளையைப் பத்தினது. நேத்து அடிபட்டாரான்னு பார்க்கிறது நாளைக்கு என்ன நடக்கும்னு கணிக்கத்தான். நேத்து அடிபடாதவருக்கும் நாளைக்கு ஆபத்து இருக்கலாம். நேத்து அடிபட்டவருக்கு இன்னைக்கு ஆபத்து நீங்கியிருக்கலாம்.

சரி, எவ்வளவு நிச்சயம் வேணும்? நூத்துக்கு நூறா? பாதிக்கு மேலயா?

நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். கிளாம்பாக்கம் வர்றதுக்கு முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போக நாம எல்லாம் எங்கே நின்னோம்? இதே பெருங்களத்தூர்ல, ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்துல பையைத் தூக்கிட்டு நின்னோம். வரிசையா பத்து பஸ் நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அதுல ஒண்ணு வழியில தீப்பிடிக்கும்னு உறுதியாத் தெரியுது, எதுன்னு தெரியாது. ஏறுவீங்களா? ஒன்பது பஸ் நல்லாத்தானே இருக்குன்னு பிள்ளையை ஏத்தி விடுவீங்களா? மாட்டீங்க. உங்க பயத்தை யாரும் பைத்தியக்காரத்தனம்னு சொல்லவும் மாட்டாங்க.

1987-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுச்சு. நிகராகுவா நாட்டுப் பெண் ஒருத்தரோட வழக்கு. பத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாக்கூட அச்சம் ஆதாரமுள்ளதா இருக்க முடியும்னு தீர்ப்பு. ஏன் இவ்வளவு குறைவான அளவு? நான் டெஸ்டிங் வேலை பார்க்கிறவன், எனக்கு இது சட்டுனு புரிஞ்சுது. தப்பு ரெண்டு வகை. பொய் சொன்ன ஒருத்தரை உள்ள விட்டுட்டா, அந்தத் தப்பைப் பின்னாடி திருத்தலாம். உண்மை சொன்ன ஒருத்தரைத் திருப்பி அனுப்பிட்டா, திருத்த ஆள் இருக்க மாட்டார்.

இங்கிலாந்துல நம்ம ஆட்களுக்கு நடந்தது

இந்தச் சட்டத்தோட வரலாற்றுல தமிழர் பேர்லயே ஒரு வழக்கு இருக்கு. சிவகுமாரன் வழக்கு. 1987 டிசம்பர்ல பிரிட்டனோட பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லுச்சு. ஆள் உண்மையிலேயே பயப்படுறார்ங்கிறது மட்டும் போதாது, நடக்கிறதுக்கு நியாயமான வாய்ப்பு இருக்கணும்னு சொல்லுச்சு. அளவுகோல் மோசமில்லை. ஆனா அதை வெச்சு அளந்த அரசாங்கம், அங்கே நடக்கிறது பொதுவான கலவரம், தமிழர்னு குறிவெச்சு இல்லைன்னு முடிவு கட்டினதை நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. 1988 பிப்ரவரியில திருப்பி அனுப்பிட்டாங்க.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட அஞ்சு பேரோட மேல்முறையீட்டை 1989 மார்ச்சுல இன்னொரு நடுவர் கேட்டார். இவங்க பயம் ஆதாரமுள்ளது, அனுப்பினதே தப்பு, திரும்பக் கூட்டிட்டு வாங்கன்னார். அக்டோபர்ல திரும்ப லண்டன் கூட்டிட்டு வந்தாங்க. இடைப்பட்ட காலத்துல ஊர்ல பிடிச்சு அடிச்சாங்கன்னு அவங்கள்ல சிலர் சொன்னாங்க. விஷயம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1991-ல விவரங்களையெல்லாம் பார்த்துட்டு, பிரிட்டன் செஞ்சது மீறல் இல்லைன்னு அந்த நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஒரே கதை, ஒரே ஆட்கள். மூணு இடத்துல மூணு பார்வை. அவ்வளவு கஷ்டமான வேலை இது. அதனாலதான் மேல்முறையீடு வேணும். ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி வேணும்.

இன்னொரு வழக்கு, 2019 மார்ச். இதுவும் இலங்கைத் தமிழர்தான். புலிகளுக்காக நகை உருக்கினவர். முதுகுலயும் கையிலயும் சூடு வெச்ச தழும்பு. ராணுவம் பழுக்கக் காய்ச்சின கம்பியால வெச்சதுன்னார். கீழ்த் தீர்ப்பாயம் என்ன சொல்லுச்சு தெரியுமா? அடைக்கலம் கிடைக்கணும்னு தானே ஆளை வெச்சுச் சூடு போட்டுக்கிட்டிருக்கலாம்னு சொல்லுச்சு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து பண்ணி, மறுபடியும் விசாரிக்கச் சொல்லுச்சு. அப்படித் தனக்குத்தானே சூடு வைக்க வெச்சுக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னும், தழும்பும் மருத்துவர் அறிக்கையும் முக்கியமான ஆதாரம்னும் சொல்லுச்சு.

"போர்தான் முடிஞ்சிடுச்சே?"

இது நம்ம கமென்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி. 2009 முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்ன பயம்? கேட்கிறவங்களைத் திட்ட வேண்டாம். நியாயமான கேள்வி. பதில் இருக்கு.

2013 ஜூலையில பிரிட்டன் மேல் தீர்ப்பாயம், போருக்குப் பிறகு யாருக்கு ஆபத்துன்னு ஒரு வழிகாட்டித் தீர்ப்பு கொடுத்துச்சு. பழைய புலித் தொடர்பு மட்டுமே இப்போ போதாதுன்னு சொல்லுச்சு. புலம்பெயர்ந்த நாட்டுல பிரிவினை அரசியல்ல முக்கியப் பங்கு வகிக்கிறவங்க, அப்படிச் சந்தேகிக்கப்படுறவங்க. அரசை விமர்சிக்கிற பத்திரிகையாளர், மனித உரிமைச் செயல்பாட்டாளர். போர்க்குற்றத்துக்கு சாட்சி சொன்னவங்க. நீதிமன்ற உத்தரவோ பிடிவாரண்டோ இருந்து விமான நிலையக் கம்ப்யூட்டர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்க. இவங்களுக்கு ஆபத்து உண்டுன்னு சொல்லுச்சு. 2021-ல வந்த அடுத்த வழிகாட்டித் தீர்ப்பு இன்னொண்ணையும் தெளிவாக்குச்சு. "ஊர்ல போய் உன் அரசியல் கருத்தை மறைச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இரு, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி ஒருத்தரைத் திருப்பி அனுப்ப முடியாது.

2014-ல இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 தனி நபர்களையும் அரசிதழ்ல தடைப் பட்டியல்ல போட்டுச்சு. 1979-ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போருக்கு அப்புறமும் போகலை. 2025 மே மாசக் கடைசியில நடந்ததையும் பாருங்க. தமிழ்நாட்டு முகாம்ல இருந்து, ஐ.நா. அகதிகள் ஆணையம் ஏற்பாட்டுலயே, விருப்பப்பட்டு ஊர் திரும்பின ஒரு பெரியவரைப் பலாலி விமான நிலையத்துல கைது பண்ணாங்க. என்ன குற்றம்? பல வருஷம் முன்னாடி அனுமதியில்லாம நாட்டை விட்டுப் போனாராம்! உயிருக்குப் பயந்து படகு ஏறினவன் எங்கே போய் முத்திரை குத்திட்டு வருவான்?

இதுல நம்ம பக்கமும் ஒரு உண்மையை ஒத்துக்கணும். இலங்கைத் தமிழர்னாலே எல்லாருக்கும் ஒரே ஆபத்துன்னு கார்டு போட்டா லைக் வரும், ஆனா அது சரியில்லை. சிலர் பயமில்லாமத் திரும்பிப் போகலாம். சிலர் சொல்ற கதையில பொய் இருக்கலாம். சிலர் பயந்தே உண்மையில பாதியை மறைப்பாங்க. ஆளுக்கு ஆள் வேற. மொத்தமா சந்தேகப்படுறதும் தப்பு, மொத்தமா நம்புறதும் தப்பு. ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சு, அவர் மொழியில கேட்கணும்.

குற்றவாளின்னு தீர்ப்பான ஒருத்தர் பயம்னு சொன்னா? கொடுங்குற்றம் செஞ்சவருக்கு அகதிங்கிற தகுதியை மறுக்க உடன்படிக்கையிலேயே வழி இருக்கு. ஆனா சித்திரவதைக்கு அனுப்புறது வேற விஷயம். 1996-ல சஹால் வழக்குல, பாதுகாப்புக்கு ஆபத்துன்னு பிரிட்டன் சொன்ன ஒரு சீக்கியரைக்கூட, சித்திரவதை ஆபத்து இருக்கிறதால திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லுச்சு. எந்த நாட்டுக்கு? நம்ம இந்தியாவுக்கு. இந்தியா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில 1997-ல கையெழுத்து போட்டதோட சரி, இன்னும் உறுதி செய்யலை.

நம்ம ஊர்ல என்ன நடக்குது?

நாம மனசு இல்லாதவங்க கிடையாது. 1983-ல இருந்து மூணு லட்சத்துக்கும் மேல இலங்கைத் தமிழர் இங்கே வந்திருக்காங்க. 2021 அரசுக் கணக்குப்படி முகாம்கள்ல 58,822 பேர், வெளியில பதிவு செஞ்சு இருக்கிறவங்க 34,087 பேர். வீடு, உதவித்தொகை, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் தமிழ்நாடு கொடுக்குது. அந்த வருஷம் பேரையும் 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. நல்லதுதான். ஆனா மறுவாழ்வுன்னு போர்டு மாத்தினாலும், மத்திய அரசு ஏட்டுல அவங்க வெளிநாட்டவர்தான். என் நண்பன் இங்கேதான் பிறந்தான், இந்த மண்ணைத் தவிர வேற மண்ணைப் பார்த்ததில்லை. 1987 ஜூலைக்கு அப்புறம் பிறந்தவங்களுக்குப் பெற்றோர்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும்னு சட்டம். அவனுக்கு அந்தக் கதவும் மூடியிருக்கு.

மத்திய அரசுகிட்ட ஒரு நடைமுறை இருக்குங்கிறது பல பேருக்குத் தெரியாது. 2011 டிசம்பர்ல உள்துறை அமைச்சகம் போட்ட நடைமுறை. ஒருத்தர் அகதின்னு சொன்னா, இனம், மதம், அரசியல் கருத்து மாதிரி காரணங்களுக்கான அச்சம் முதல் பார்வையில சரின்னு பட்டா, 30 நாள்ல பரிந்துரை பண்ணி நீண்டகால விசா கொடுக்கலாம். படிச்சதும் எனக்கே ஆச்சரியம். அரசியல் கருத்துங்கிற வார்த்தை நம்ம அரசாங்கக் காகிதத்துலயே இருக்கு! ஆனா அது வெறும் நிர்வாகக் குறிப்பு. சட்டம் இல்லை. மறுத்தா எங்கே மேல்முறையீடுன்னும் இல்லை.

2019-ல சிஏஏ வந்துச்சு. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். ஆறு மதம். இலங்கை அந்த வரிசையில இல்லை. 2025-ல குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தப்போ, 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததுக்குத் தண்டனையில இருந்து விலக்கு கொடுத்தாங்க. அது நிம்மதிதான். ஆனா தண்டனை இல்லைங்கிறது அந்தஸ்து இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில தனுஷ்கோடி மணல்திட்டுல பிள்ளைகளோட இறங்கினவங்க அந்தத் தேதிக்கு வெளியில.

கேட்காம விட்டா என்ன ஆகும்னு நமக்கு 1992-லயே தெரியும். அப்போ திருப்பி அனுப்புறப்போ, விருப்பப்பட்டுப் போறோம்னு கையெழுத்து வாங்கின படிவம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிக்கத் தெரியாத மொழியில விருப்பம்! விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போச்சு. அந்த வருஷம்தான் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில ஆபீஸ் திறந்து, போறவங்க விருப்பத்தோடதான் போறாங்களான்னு நேர்ல கேட்க ஆரம்பிச்சுது.

நண்பனோட அப்பாகிட்ட ஒரு நாள் கேட்டேன். "ஐயா, இத்தனை வருஷத்துல நீங்க ஏன் வந்தீங்க, என்ன பயம்னு இங்க யாராச்சும் விவரமாக் கேட்டிருக்காங்களா?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "எண்ணியிருக்காங்க தம்பி. மாசாமாசம் எண்ணியிருக்காங்க. கேட்டதில்லை."

நாம கேட்க வேண்டியது

நம்ம கட்சி மேடையில, நம்ம பக்கத்துல தொடர்ந்து கேட்க வேண்டியது இது.

1. அடைக்கலத்துக்கு ஒரு சட்டம். எந்த நாடு, எந்த மதம்னு பிரிக்காம, அரசியல் கருத்துக்கான துன்புறுத்தலையும் சேர்த்து.
2. மனு போட்டவரோட மொழியில நேர்காணல், மொழிபெயர்ப்பாளர், இலவச வழக்கறிஞர்.
3. காரணம் எழுதின தீர்ப்பு. திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடியே மேல்முறையீடு.
4. தண்டனை முடிஞ்சவரை காலவரையில்லாம முகாம்ல அடைச்சு வைக்கிறதுக்கு முடிவு.
5. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழி.

இதுக்கு அரசியல் சாசனத்துலயே அடிப்படை இருக்கு. 1996-ல சக்மா மக்கள் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, 21-வது பிரிவு குடிமகன் அல்லாதவர் உயிரையும் காக்கும்னு. அதே நீதிமன்றம்தான். அந்தத் தீர்ப்பை எடுத்து வெச்சு நாம பேசணும்.

கடைசியா, ஐடி விங் தோழர்களுக்குத் தனியா. அகதியா இருக்கிற ஒருத்தர் முகம் தெரியிற படத்தை, அவர்கிட்ட கேட்காமப் போடாதீங்க. பேர், முகாம் பேர், ஊர் பேர் போடாதீங்க. புலம்பெயர்ந்தவங்க அரசியல் நடவடிக்கையை இலங்கை உளவுத்துறை கவனிக்குதுன்னு அந்த 2013 தீர்ப்புலயே இருக்கு. நமக்கு ஒரு நாள் ட்ரெண்டிங். அவங்களுக்கு அது விமான நிலைய கவுன்ட்டர்ல ஒரு கேள்வி. வழக்கைப் பத்தி கார்டு போடுறதுக்கு முன்னாடி வழக்கைப் படிங்க. எனக்கு அதுக்கு மொத்தமா ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. கார்டு போடுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு மணி நேரத்தைச் செலவழிச்சிருக்கலாம்.

நண்பனோட அப்பா அதுக்கப்புறம் ஊருக்குப் போகலை. பலாலி செய்தி பார்த்ததும் பெட்டியை மறுபடி பரண்ல ஏத்திட்டார். என் படத்தாலயா, அந்தச் செய்தியாலயான்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை. வாராவாரம் வீடியோ கால்ல அக்காவோட பேசுறார்.



#அடைக்கலச்_சட்டம்_வேண்டும்
#எண்ணினால்_போதாது_கேளுங்கள்